யூரியா போடாத மூன்று குழி

எங்கள் வயலில் குறுவைக்கு ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி, மூன்று மூட்டை யூரியா, அரை மூட்டை பொட்டாஷ். இந்தக் கணக்கை யார் சொன்னார்கள் என்று ஒருநாள் அப்பாவிடம் கேட்டேன். "யாரு சொல்லணும்? எப்பவும் போடுறதுதானே" என்றார். பக்கத்து வயல்காரரும் அதையேதான் சொன்னார். உரக்கடையில் கேட்டபோது கடைக்காரர் எதுவும் சொல்லவில்லை, மூட்டையை எடுத்து வண்டியில் வைத்துவிட்டார்.

தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறைக்கும் திருவிடைமருதூருக்கும் நடுவில் எங்கள் ஊர். கனமான களிமண். குறுவை, தாளடி என்று வருஷத்துக்கு இரண்டு போகமும் நெல்தான். குறுவைக்கு ஆடுதுறை 43 ரகம். மூன்று குறுவைகளாக, 2022 முதல் 2024 வரை, உர அளவை வயலிடமே கேட்டுப் பார்த்த கதை இது. முதல் வருஷம் சொதப்பியதையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதில் இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் சொதப்பப்போவது அங்கேதான்.

முதலில் பொதுப் பரிந்துரை என்ன என்று பார்த்தேன். டெல்டாவில் குறுகிய கால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 50 மணிச்சத்து (பாஸ்பரஸ்), 50 சாம்பல்சத்து (பொட்டாசியம்). ஏக்கருக்கு மாற்றினால் 60, 20, 20. எங்கள் வழக்கத்தைச் சத்தாக மாற்றிக் கூட்டினேன். டிஏபியில் வரும் 9 கிலோவையும் சேர்த்துத் தழைச்சத்து 71, மணிச்சத்து 23, சாம்பல்சத்து 15. தழை கூடுதல், சாம்பல் குறைச்சல். பெரிய குற்றம் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பரிந்துரையே டெல்டாவுக்கும் கோவைப் பக்கத்துக்கும் ஒன்றுதான். வைக்கோலை நான் வயலில் விட்டேனா, கட்டு கட்டி விற்றேனா என்பது அதற்குத் தெரியாது. போன தாளடியில் போட்டது எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதும் தெரியாது.

அரசு மண்ணைச் சோதித்துத் தருகிற மண்வள அட்டை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தழைச்சத்து குறைவு, மணிச்சத்து அதிகம், சாம்பல்சத்து நடுத்தரம் என்று போட்டிருந்தார்கள். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரி என்பது அந்தத் திட்டத்தின் கணக்கு, அதாவது கிட்டத்தட்ட ஒரு வேலிக்கு, ஆறரை ஏக்கர் சொச்சத்துக்கு, ஒரு மாதிரி. என் வயல் மண் அந்த மாதிரியில் இருந்ததா என்றே எனக்குத் தெரியாது. இன்னொன்று, தழைச்சத்தைக் காய்ந்த மண்ணில் சோதித்துச் சொல்வது நெல்லுக்கு அவ்வளவாக ஒத்துவராது. தண்ணீர் கட்டிய சேற்றில் மண் தழைச்சத்தை விடுகிற விதமே வேறு. மணி, சாம்பல் இரண்டுக்கும் அட்டையை நம்பலாம். தழைக்குப் பயிர்தான் சொல்ல வேண்டும்.

பயிரைக் கேட்பதற்கு ஒரு பழைய வழி உண்டு. ஒரு துண்டில் எல்லாச் சத்தும் போடு. இன்னொன்றில் தழை மட்டும் போடாதே. மற்றொன்றில் மணி மட்டும், வேறொன்றில் சாம்பல் மட்டும் போடாதே. அறுத்து எடை போடு. எந்தத் துண்டில் எவ்வளவு குறைகிறதோ, அந்தச் சத்தை மண் தானாகத் தரமுடியாத அளவு அதுதான். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1990களின் பின்பாதியில் ஆசிய நாடுகள் பலவற்றில் இதை விவசாயிகள் வயலிலேயே செய்து பார்த்தது. காவிரி டெல்டாவும் அதில் ஒரு களம். எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்த வேலை என்பது எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது.

2022ல் மேட்டூர் அணையை மே 24லேயே திறந்துவிட்டார்கள். தண்ணீர் முன்கூட்டி வந்த சந்தோஷத்தில் வயலின் ஒரு மூலையில் நாலு துண்டு பிரித்தேன். வரப்பு ஒரு சாண் உயரம்கூட இல்லை. நட்ட இருபதாம் நாள் தழை போடாத துண்டு வெளிறி நிற்க வேண்டும். நின்றது, ஆனால் நடுவில் மட்டும். ஓரமெல்லாம் கரும்பச்சை. குனிந்து பார்த்தால் வரப்பு முழுக்க நண்டு வளை. பக்கத்துத் துண்டில் போட்ட யூரியா கரைந்து வளை வழியாக இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

சரி, நடுவையாவது அறுத்துப் பார்ப்போம் என்று இருந்தேன். முப்பத்தைந்தாம் நாள் போய்ப் பார்த்தால் நடுவும் பச்சை. எங்கள் வயலில் முப்பது வருஷமாக உரம் வீசுகிற பெரியவர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அய்யா, இந்தத் துண்டுல ஏதாவது போட்டீங்களா?"

"பாக்கவே பாவமா இருந்துச்சு தம்பி. பச்சப்புள்ள பட்டினி கெடக்குற மாதிரி. ஒரே ஒரு கைதான் போட்டேன்."

அவரைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. தப்பு என்னுடையது. எதற்காகப் பட்டினி போடுகிறேன் என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்த வருஷக் கணக்கை நோட்டில் குறுக்குக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

2023ல் ஒழுங்காக இறங்கினேன். எங்கள் பக்கத்துக் குழிக் கணக்கு இந்த வேலைக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. 12 அடிக்கு 12 அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, மூன்று மா ஒரு ஏக்கர். ஒரு குழியில் கிடைக்கிற கிலோவை 300ஆல் பெருக்கினால் ஏக்கர் விளைச்சல் வந்துவிடும். மூன்று குழி சேர்ந்தால் ஒரு சென்ட். ஆகவே ஏக்கருக்கு 130 கிலோ யூரியா என்றால் துண்டுக்கு 1.3 கிலோ. கால்குலேட்டரே வேண்டாம்.

24 அடி நீளம், 18 அடி அகலத்தில் ஐந்து துண்டு. வரப்பை ஒரு அடிக்கு மேல் உயர்த்தி, உள்பக்கம் பழைய பிளாஸ்டிக் தாளை அரையடி ஆழத்துக்குச் சேற்றில் புதைத்து மேலே மடித்துவிட்டோம். நண்டு அதைத் தாண்டவில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் வாய்க்காலிலிருந்து தனி மடை. ஒரு துண்டின் தண்ணீர் இன்னொன்றுக்குப் போகவே கூடாது. இது மிக முக்கியம். நம் வயல்களில் மேட்டு வயலிலிருந்து பள்ளத்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற பழக்கத்தில் இதை மறந்துவிடுவோம்.

டிஏபி இந்தச் சோதனைக்கு உதவாது. தழையும் மணியும் ஒரே குருணையில் இருப்பதால் ஒன்றை விட்டு ஒன்றைப் போட முடியாது. யூரியா, சூப்பர் பாஸ்பேட், பொட்டாஷ் என்று தனித்தனியாக வாங்கினேன். துண்டுக்கு யூரியா 1.3 கிலோவை நாலு பங்காக, அடியுரம் 325 கிராம், மீதி மூன்று தவணை. சூப்பர் 1.25 கிலோ முழுக்க அடியில். பொட்டாஷ் 330 கிராமும் நாலு பங்கு. எல்லாத் துண்டுக்கும் துத்தநாக சல்பேட் 100 கிராம், மணலில் கலந்து தனியாக. இதை மணிச்சத்து உரத்தோடு சேர்த்துப் போட்டால் இரண்டும் பிணைந்து பயிருக்குக் கிடைக்காமல் போகும். சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகமும் உண்டு என்பது கடைசி நிமிஷத்தில்தான் நினைவுக்கு வந்தது. மணி போடாத துண்டு கந்தகமும் இல்லாமல் நின்றால் எதனால் குறைந்தது என்று தெரியாதே! அதற்கு மட்டும் ஒரு கிலோ ஜிப்சம் போட்டுச் சரிக்கட்டினேன்.

அம்மாவின் சமையலறைத் தராசு இரண்டு நாள் என்னிடம் இருந்தது. பொட்டலங்களில் துண்டு எண், தேதி எழுதி வைத்தேன். ஐந்தாவது துண்டு எங்கள் வழக்கம், அதே டிஏபி, அதே யூரியா, அதே பொட்டாஷ். அதைப் பெரியவரிடமே கொடுத்து, "உங்க கை எப்படி வீசுமோ அப்படியே வீசுங்க" என்றேன். தழை போடாத துண்டில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியதும் அவரே. "இந்தத் தடவை கிட்ட போக மாட்டேன்" என்றார். போகவில்லை. யாராவது வரப்பில் நின்று பரிதாபப்பட்டால் அவரே விளக்கமும் சொன்னார்.

அறுவடைக்கு மெஷினை விடாமல் அரிவாளால், ஒவ்வொரு துண்டிலும் நடுவில் ஒரு குழியை மட்டும் அளந்து அறுத்தோம். ஓரத்துப் பயிருக்கு வெயிலும் இடமும் அதிகம், அதைச் சேர்த்தால் கணக்கு ஏமாற்றும். அடித்து, தூற்றி, பதர் நீக்கி, பல்லில் கடித்தால் 'டிக்' என்று உடைகிற வரை காயவைத்து எடை போட்டது இது:

முழு உரம் 7.6 கிலோ. தழை இல்லாதது 4.9. மணி இல்லாதது 7.4. சாம்பல் இல்லாதது 6.7. எங்கள் வழக்கம் 7.1.

ஒரே ஒரு தொகுதித் துண்டுகள்தான். ஆராய்ச்சி நிலையத்தில் இதையே மூன்று நாலு முறை திரும்ப வைப்பார்கள். எனக்கு அவ்வளவு இடம் இல்லை. அதனால் கால் கிலோ வித்தியாசத்தை வித்தியாசமாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். அந்தக் கண்ணோடு பார்த்தால் மணிச்சத்துத் துண்டு ஒன்றும் இழக்கவில்லை. அட்டையும் 'அதிகம்' என்றுதானே சொன்னது. வருஷா வருஷம் மூட்டை மூட்டையாகப் போட்ட டிஏபி மண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறது.

தழைக்கணக்குத்தான் என்னை உட்கார வைத்தது. ஒரு கிலோ கூடத் தழைச்சத்து போடாத துண்டு, ஏக்கருக்கு 1,470 கிலோ கணக்கில் விளைந்திருக்கிறது. அதாவது முழு விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாக மண்ணே தந்துவிட்டது. நாம் போடுகிற தழை முழுவதும் மிச்சமுள்ள 810 கிலோவுக்குத்தான். 60 கிலோ போட்டு 810 கிலோ என்றால் ஒரு கிலோ தழைச்சத்துக்கு 13.5 கிலோ நெல். எங்கள் வழக்கத்தில் 71 கிலோ போட்டு 660, ஒரு கிலோவுக்கு 9 கிலோ சொச்சம். நேரம் பார்த்துப் போட்டால் 20 கிலோவரை எடுக்கலாம் என்பதுதான் அந்தப் பெரிய ஆய்வுகளின் அடிப்படை. நான் பேராசைப்படாமல் 18 என்று வைத்தேன். 810ஐ 18ஆல் வகுத்தால் 45. ஆக, ஏக்கருக்கு 45 கிலோ தழைச்சத்து போதும், ஆனால் பயிர் கேட்கிற நாளில் போட வேண்டும்.

மீதி எங்கே போகிறது? மதிய வெயிலில் தேங்கிய தண்ணீரில் பாசி வேலை செய்யும்போது தண்ணீரின் காரத்தன்மை ஏறும். அப்போது யூரியாவிலிருந்து வந்த அம்மோனியா ஆவியாகக் கிளம்பிவிடும். நாங்கள் நாலு விரல் தண்ணீர் நிற்கும்போது, கடையில் யூரியா வந்த அன்றைக்கு, ஆள் கிடைத்த நேரத்துக்கு வீசுகிறோம். காற்றுக்குப் போட்ட உரம்.

சாம்பலில்தான் எதிர்பாராத அடி. ஏக்கருக்கு 270 கிலோ குறைவு. இத்தனைக்கும் அந்தக் காலத்தில் பொட்டாஷே போட்டதில்லை என்பார் அப்பா. அப்போது அறுத்த தாள் கணிசமாக வயலில் கிடக்கும், மாட்டுக்குப் போன வைக்கோலும் குப்பையாகத் திரும்பி வரும். இப்போது அறுவடை மெஷின் பின்னாலேயே கட்டு கட்டும் மெஷின் வந்துவிடுகிறது. ஒரு டன் நெல் விளைய ஏறக்குறைய 17 கிலோ சாம்பல்சத்தைப் பயிர் எடுக்கிறது, அதில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் வைக்கோலில்தான் இருக்கும். எங்கள் விளைச்சலுக்குக் கணக்குப் போட்டால், ஒரு போகத்து வைக்கோலோடு ஏக்கருக்கு ஒரு மூட்டை பொட்டாஷுக்கு மேல் லாரி ஏறுகிறது. நாங்கள் திருப்பிப் போடுவது அரை மூட்டை. களிமண்ணும் தண்ணீரும் கொஞ்சம் ஈடுகட்டும்தான், ஆனாலும் எத்தனை போகத்துக்கு?

2024 குறுவைக்கு இந்த எண்களை வைத்துப் புதுக் கணக்கு. டிஏபி அரை மூட்டை, விளைச்சலோடு வெளியேறுகிற மணிச்சத்துக்கு அது ஏறத்தாழச் சரியாகும், முழுக்க நிறுத்துவது புத்தியில்லை. பொட்டாஷ் ஒரு மூட்டை, அடியில் பாதி, கதிர் உருவாகும்போது பாதி. யூரியாவுக்கு மட்டும் நாள் குறிக்காமல் இலை வண்ண அட்டை.

அது ஒன்றும் பெரிய சாமான் இல்லை. ஒரு சாண் நீளப் பிளாஸ்டிக் அட்டை, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள், இலை நரம்பு மாதிரி கோடுகளோடு. நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும்வரை வாரம் ஒருமுறை, காலை 8 மணியிலிருந்து 10க்குள், வயலில் பத்து இடத்தில் நோயில்லாத குத்தாகப் பார்த்து, மேலே முழுசாக விரிந்த இலையை ஒடிக்காமல் அட்டையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். வெயில் நேரே படாமல் நம் நிழல் விழ நிற்க வேண்டும். ஆடுதுறை 43க்கு 4ஆம் எண் எல்லை, வெள்ளைப் பொன்னி மாதிரி ரகத்துக்கு 3. பத்தில் ஆறு இலை எல்லைக்குக் கீழே போனால் குறுவையில் ஹெக்டேருக்கு 35 கிலோ தழைச்சத்து போடச் சொல்கிறார்கள். மாவுக்கு மாற்றினால் சரியாக 10 கிலோ யூரியா. ஒரே ஆள்தான் கடைசிவரை பார்க்க வேண்டும். நானும் அப்பாவும் ஒரே இலையைப் பார்த்து அவர் 4 என்றார், நான் 3 என்றேன். அன்றோடு அட்டை என் கைக்கு வந்தது.

அந்த வருஷம் மேட்டூரை வழக்கமான ஜூன் 12ல் திறக்கவில்லை, ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். போர் தண்ணீரிலேயே நட்டோம். ஒரு மா அட்டைப்படி, ஒட்டியுள்ள இன்னொரு மா வழக்கப்படி. நோட்டில் இருப்பது:

14ஆம் நாள். எல்லைக்குக் கீழே 7 இலை. தண்ணீரை வடித்துச் சேறாக்கி 10 கிலோ. மறுநாள் சாயங்காலம் தண்ணீர் கட்டியது.
21. கீழே 2. போடவில்லை. பக்கத்து மாவுக்கு யூரியா போனது. அப்பா பேசவில்லை.
28. கீழே 6. தாய்க் குருத்தைக் கீறிப் பார்த்தேன், அடியில் வெள்ளைப் பஞ்சு மாதிரிக் கதிர் தெரிந்தது. 10 கிலோ, கூடவே பொட்டாஷ்.
35. கீழே 1. இல்லை.
42. கீழே 7. 10 கிலோ.
49. கீழே 3. இல்லை.
56. பூ. கீழே 4. அட்டையை எடுத்து வைத்தேன்.

21ஆம் நாள்தான் கஷ்டமான நாள். பக்கத்து மா நாலே நாளில் கறுத்துவிட்டது. நம்முடையது வெறும் பச்சை. வரப்பில் போகிறவர்கள் எல்லாம் "என்ன தம்பி, யூரியா கிடைக்கலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். கரும்பச்சையைப் பார்த்து மகிழ்கிற கண் நம் எல்லாருக்கும் இருக்கிறது, எனக்கும்தான். அதே கறுப்பைப் பார்த்து மகிழ்கிற இன்னொரு கூட்டம் இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும். 40ஆம் நாள் வாக்கில் வழக்க மாவில் இலைகள் சுருண்டு வெள்ளைக்கோடு விழுந்தன, ஒரு தடவை மருந்தடித்தோம். அட்டை மாவிலும் புழு இருந்தது, மருந்தடிக்கும் அளவுக்கு இல்லை.

அட்டை ஏமாற்றிய இடமும் உண்டு. வடிகால் பக்கத்து மூலையில் 21ஆம் நாளே வெளிறிய இலைகள். யூரியா என்றுதான் கை பரபரத்தது. உற்றுப் பார்த்தால் புது இலையின் நடு நரம்பு அடியில் வெளுத்து, கீழிலைகளில் துரு மாதிரிப் புள்ளி. துத்தநாகக் குறை. துத்தநாக சல்பேட் அரை சதமும் யூரியா ஒரு சதமும் கரைத்துத் தெளித்ததும் தேறியது. வெளிறினால் எல்லாம் தழை என்று அட்டை சொல்லவில்லை, நாம்தான் அப்படிப் படிக்கிறோம்.

கண்டுமுதல், அதாவது அறுத்துக் கிடைத்த நெல்: வழக்க மா 708 கிலோ, அட்டை மா 748. அறுவடைக்கு முந்தின வாரத்து மழையில் வழக்க மா கால்வாசி சாய்ந்தது, மெஷின்காரர் சாய்ந்த இடத்துக்குக் கூடுதல் நேரம் எடுத்தார். யூரியா 45 கிலோவுக்குப் பதில் 30.

பணக்கணக்கையும் மறைக்காமல் சொல்கிறேன். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் ஐம்பது காசு. மாவுக்கு 15 கிலோ மிச்சம் என்றால் 90 ரூபாய்கூட இல்லை. இரண்டு பேர் டிபன் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். வாரம் ஒருமுறை காலையில் சேற்றில் இறங்கிப் பத்து இலையைப் பிடித்துப் பார்க்கிற கூலிக்கே அது கட்டாது. இலை வண்ண அட்டை வந்து இத்தனை வருஷமாகியும் யார் இடுப்பிலும் அது இல்லாததற்கு விவசாயியின் அறியாமை காரணமில்லை, இந்த 90 ரூபாய்தான் காரணம். டிஏபி மூட்டை 1,350 ரூபாய், அதில் பாதி குறைந்தது மாவுக்கு 225 மிச்சம். கூடுதலாகப் போட்ட பொட்டாஷ் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. உண்மையான வரவு மிச்சமான ஒரு மருந்தடிப்பும், கூடுதல் 40 கிலோ நெல்லும், சாயாத பயிரும்தான்.

போன தாளடியில் ஒரு மாவில் கட்டு கட்டும் மெஷினை விடவில்லை. வைக்கோலைப் பரப்பி, நடவுக்கு மூன்று வாரம் முன்பே தண்ணீர் கட்டி மடக்கி உழுதோம். மட்கும்போது தழையைக் கொஞ்ச நாள் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அந்த அவகாசம். அங்கே மறுபடியும் சாம்பல் போடாத மூன்று குழிக்குப் பிளாஸ்டிக் தாள் புதைத்தாகிவிட்டது. குச்சியில் என்ன நிறத் துணி கட்டுவது என்று பெரியவர் கேட்டார். தழைக்குச் சிவப்பு கட்டியதால் இதற்கு மஞ்சள்.